உத்தரவுக்குக் காத்திருந்தவர்கள்: ஏர்வாடித் தீயும் இந்திய மனநலச் சட்டமும்

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. இன்னும் சரியாக விடியவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதித்தவர்களைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நடத்தப்பட்ட ஒரு தனியார் காப்பகத்தில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே 40-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் காலில் இரும்புச் சங்கிலி. சங்கிலி இல்லாத சிலர் தப்பினார்கள். மற்றவர்களால் எங்கே ஓட முடியும்? அன்றைக்கே 25 பேர் கருகிப்போனார்கள். அப்புறம் அந்த எண்ணிக்கை 28 ஆனது.

இந்தத் தீயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "மூடநம்பிக்கையால் வந்த வினை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனநோய் வந்தவரை எப்படி நடத்த வேண்டும் என்று இந்த நாட்டில் 1858இல் இருந்தே எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. தீ பிடித்த அன்று அதற்கு 143 வயது. இத்தனை வருஷச் சட்டம் இருந்தும் அந்தச் சங்கிலி எப்படி அங்கே வந்தது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் ஏர்வாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்துவிடலாம். அங்கே இருப்பது சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் தர்கா. பேய், பில்லி, செய்வினை என்று எது சொன்னாலும் அங்கே கொண்டுபோனால் தீரும் என்ற நம்பிக்கை தென்மாவட்டங்களில் எல்லா மதத்தாரிடமும் உண்டு. கேரளத்திலிருந்தும் வருவார்கள். ஓதிய நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள், விளக்கு எண்ணெயைப் பூசிவிடுவார்கள், அப்புறம் காத்திருக்க வேண்டும். எதற்காக என்றால், கனவில் வரும் உத்தரவுக்காக. "நீ குணமாகிவிட்டாய், வீட்டுக்குப் போ" என்று உத்தரவு கிடைத்தால்தான் கிளம்பலாம். அது இரண்டு மாதத்திலும் வரும், சில வருஷம் கழித்தும் வரும்.

அத்தனை நாள் வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கூடவே தங்க எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. அந்த இடைவெளியில்தான் காப்பகங்கள் முளைத்தன. அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்களே, முன்பு தங்கள் சொந்தக்காரரைக் குணப்படுத்த அங்கே வந்து தங்கியவர்கள்தான். குடும்பம் பணம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும், காப்பகம் பார்த்துக்கொள்ளும். பகலில் மரத்தடியில் கயிறு, இரவில் சங்கிலி. மருத்துவர் என்று ஒருவர் எந்த இடத்திலும் வரவில்லை. உரிமமும் இல்லை.

உத்தரவு என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கதையிலும் அதே சொல் வரும்.

மூன்று சட்டத்தில் இரண்டு, சொத்துக்காக

கம்பெனி ஆட்சிக் காலத்தில் மனநோயாளிகளுக்கென்று இருந்தவை ஒருசில விடுதிகள் மட்டும். சென்னையில் 1794இல் வாலண்டைன் கனோலி என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய விடுதி அவற்றில் ஒன்று. பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஆட்களுக்காகத்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கோ அதிகாரிக்கோ புத்தி பேதலித்தால் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆளுகிற இனத்தில் ஒருவன் நிலைதவறி நிற்பதை ஆளப்படுகிறவர்கள் பார்க்கக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது.

1857 கிளர்ச்சி அடங்கி, ஆட்சி நேரடியாக மகாராணியின் கைக்குப் போன 1858இல் ஒரே மூச்சில் மூன்று சட்டங்கள் வந்தன. 34ஆம் எண் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் உச்சநீதிமன்றங்களுக்கு. 35ஆம் எண் சட்டம் மற்ற ஊர்களின் மாவட்ட நீதிமன்றங்களுக்கு. 36ஆம் எண் சட்டம் மனநோயாளி விடுதிகளுக்கு. இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் சொத்து பற்றியவை. புத்தி கலங்கிய ஆளின் நிலத்தையும் பணத்தையும் யார் நிர்வகிப்பது, அவரை யார் பொறுப்பில் விடுவது என்பதுதான் அவற்றின் கவலை. மூன்றாவது, தெருவில் திரிகிறவரையும் ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரையும் பிடித்து எங்கே வைப்பது என்று சொன்னது. அந்த ஆளுக்கு வலிக்கிறதா, அவர் என்ன கேட்கிறார் என்ற விசாரணை மூன்றிலும் இல்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் விடுதி 1871இல் லோகாக்ஸ் கார்டன் என்ற இடத்தில் 145 பேருடன் திறக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாக அங்கே எத்தனையோ பேர் குணமாகி வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனாலும் தமிழில் ஒரு ஊர்ப்பேர் வசவாகவே மாறிப்போனது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஒருவரை ஒருவர் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். ஆளைப் பிடித்துப்போய் அடைக்கும் இடம் என்றுதான் சட்டம் அதைக் கட்டியது, மக்கள் மனதிலும் அது அப்படியே பதிந்துவிட்டது.

1912: மாஜிஸ்திரேட்டின் உத்தரவு

1858இன் சட்டங்களை ஒன்றுசேர்த்து, இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து 1912இல் இந்திய லூனசி சட்டம் வந்தது. லூனசி என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது நிலா. நம்முடைய பைத்தியம் என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது பித்தம். அவர்கள் வானத்தைக் காரணம் சொன்னார்கள், நம் ஊர் வைத்தியம் உடம்பைக் காரணம் சொன்னது. உடம்பில் இருக்கிற கோளாறு என்றால் அதற்கு மருந்து உண்டு என்று அர்த்தம். அந்தப் பழைய சொல்லில் அந்த அளவுக்காவது நம்பிக்கை இருந்தது.

1912 சட்டத்தில் ஒருவரை விடுதியில் சேர்க்க முதன்மையான வழி, மாஜிஸ்திரேட்டின் சேர்ப்பு உத்தரவு. கணவரோ மனைவியோ உறவினரோ மனுப் போட வேண்டும், இரண்டு மருத்துவச் சான்றுகள் இணைக்க வேண்டும். தெருவில் திரிகிறவர் மனநோயாளி என்று தோன்றினால் காவல் நிலைய அதிகாரியே கைது செய்யலாம். ஆமாம், சட்டத்தில் இருந்த சொல் கைதுதான். தானாக வந்து சேர விரும்புகிறவருக்கும் இடம் இருந்தது. அதற்கும் விடுதியைப் பார்வையிடும் குழுவினர் இருவரின் சம்மதம் வேண்டும்.

அந்தச் சட்டத்தின் கடைசியில் மருத்துவச் சான்றுக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் மருத்துவர் நிரப்ப இரண்டு இடங்கள். ஒன்று, இவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்பதற்கு நான் நேரில் கண்ட விவரங்கள். இன்னொன்று, மற்றவர்கள் எனக்குச் சொன்ன விவரங்கள். அவ்வளவுதான். மருத்துவர் கண்டதற்கு ஓர் இடம், அடுத்தவர் சொன்னதற்கு ஓர் இடம். அந்த ஆளே சொன்னதை எழுத ஓர் இடம் கிடையாது. அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் காகிதத்தில் அவருடைய ஒரு வாக்கியத்துக்குக்கூட வரி ஒதுக்கப்படவில்லை.

இது அந்தக் காலத்து வழக்கம், விட்டுவிடலாம் என்று சொல்வார்கள். விட்டுவிட முடியாது. ஏனென்றால் இந்தச் சட்டம் 1947இல் வெள்ளைக்காரரோடு கப்பலேறவில்லை. இன்னும் 46 வருஷம் இங்கேயே இருந்தது.

இருந்து என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். அசாமில் 1951இல் கைதான ஒருவரை மனநோயாளி என்று சொல்லித் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் மருத்துவர்கள் அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டியவரைச் சிறைக்கு மாற்றினார்கள். வழக்கு விசாரணை நடக்கவே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு 2005இல் வெளியே வந்தார். 54 வருஷம். உள்ளே போன இளைஞர் வெளியே வந்தபோது 77 வயதுக் கிழவர். அவரைக் குணமாக்கிய மருந்து இருந்தது, குணமானார் என்று எழுதிய மருத்துவர் இருந்தார், வெளியே விடச் சொல்லும் உத்தரவு மட்டும் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, மிக மெதுவாக

1946இல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கை தந்தபோதே விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தக் குழுவுக்காக ராஞ்சியின் கர்னல் மூர் டெய்லர் மனநல மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்தார். பெரும்பாலானவை ஆளைக் காவலில் வைக்கக் கட்டப்பட்டவை, குணமாக்குவதை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல என்று எழுதினார். மொத்த நாட்டுக்கும் இருந்தவை ஏறத்தாழ 10,000 படுக்கைகள்.

இந்திய மனநல மருத்துவர் சங்கம் 1950இலேயே புதிய சட்டத்துக்கு வரைவு எழுதிக் கொடுத்தது. அடுத்த சில வருஷங்களில் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்தது. அதுவரை கட்டிவைக்கத்தான் முடியும் என்று நினைத்த நோய்களுக்கு மாத்திரை வந்துவிட்டது. மருத்துவம் தலைகீழாக மாறியது. சட்டம் அப்படியே இருந்தது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வர 1978 ஆனது, நிறைவேற 1987 ஆனது, நடைமுறைக்கு வர 1993 ஏப்ரல் 1 ஆனது. வரைவிலிருந்து நடைமுறை வரை 43 வருஷம். இவ்வளவு தாமதத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. மனநோயாளிகள் யாருக்கும் ஓட்டு வங்கி அல்ல. அவர்களுக்காக ஊர்வலம் போக ஆளில்லை.

நடுவில் நீதிமன்றங்கள்தான் கொஞ்சம் அசைந்தன. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியலமைப்புக்கே விரோதம் என்று ஷீலா பார்ஸே வழக்கில் உச்சநீதிமன்றம் 1993இல் சொன்னது. மேற்கு வங்கச் சிறைகளில் அப்போது நூற்றுக்கணக்கானோர் அப்படி இருந்தார்கள். நோயைத் தவிர அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

1987 சட்டத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. பழைய இழிசொற்களை அது தூக்கியெறிந்தது. கைது என்பது பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது என்றானது. சிகிச்சையின்போது யாரையும் கேவலமாகவோ கொடூரமாகவோ நடத்தக் கூடாது என்று 81ஆம் பிரிவில் எழுதியது. தனியார் மனநல மருத்துவமனையோ காப்பகமோ நடத்த உரிமம் வேண்டும் என்றது. ஆனால் மாஜிஸ்திரேட்டின் சேர்ப்பு உத்தரவு அப்படியே தொடர்ந்தது. நோயாளியின் குரலுக்கு மறுபடியும் பெரிய இடம் கிடைக்கவில்லை.

சரி, உரிமம் இல்லாமல் நடத்தினால் என்ன தண்டனை? 82ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். முதல் தடவை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருநூறு ரூபாய்! 1987இலேயே அது பெரிய தொகை இல்லை. 2001இல் ஏர்வாடியில் அது ஒரு காப்பகம் பூட்டும் சங்கிலியும் வாங்குகிற காசு. மனநோயாளியைச் சட்டம் எவ்வளவுக்கு மதித்தது என்று கேட்டால் நான் இந்தத் தொகையைத்தான் காட்டுவேன். அதைக்கூட யாரும் ஏர்வாடிக்குப் போய் வசூலிக்கவில்லை.

காப்பகங்கள் ஒளிந்து நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேருந்து நிற்கிற, சந்தனக்கூடுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடுகிற ஊர் அது. சங்கிலிச் சத்தம் தெருவில் கேட்கும். உரிமம் கொடுக்க வேண்டிய அதிகாரி, சோதனை போட வேண்டிய அதிகாரி, காவல் நிலையம், ஊராட்சி எல்லாமே இருந்தன. 1993இல் இருந்து 2001 வரை, எட்டு வருஷம், சட்டம் ஓரிடத்திலும் காப்பகங்கள் இன்னோரிடத்திலும் தத்தம் பாட்டுக்கு இருந்தன. விடுதிகளை மட்டுமே பார்த்துப் பழகிய சட்டம் அது. 1858இல் இருந்தே அதற்குச் சுவருக்குள் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஓலைக் கொட்டகை அதன் பார்வையில் படவே இல்லை.

தீக்குப் பிறகு

ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, ஏர்வாடியின் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நோய் முற்றியவர்கள் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள், மற்றவர்களின் குடும்பங்களைத் தேடிப்பிடித்து ஒப்படைத்தார்கள். காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007இல் 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எட்டு வருஷத்தில் நடக்காத சோதனை எட்டு நாளில் நடந்து முடிந்தது. செய்ய முடியாத வேலை அல்ல அது என்பதற்கு அந்த ஒரு வாரமே சாட்சி.

உச்சநீதிமன்றம் செய்தியைப் பார்த்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. வழக்கின் தலைப்பே தமிழ்நாட்டு விடுதித் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம் என்பதுதான். பிறகு மருத்துவமனையில் இறந்தவர்கள் அந்தத் தலைப்புக்குள் வரவில்லை. சட்டப் புத்தகங்களில் இன்றும் அது 25 என்றே நிற்கிறது.

2002 பிப்ரவரி 5ஆம் தேதி உத்தரவில் பல கட்டளைகள் இருந்தன. மாவட்டவாரியாகக் காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றாவது இருக்க வேண்டும். சட்ட உதவிக் குழுவைச் சேர்ந்த இருவர் மாதாமாதம் போய், முழுக்கக் குணமானவர்கள் வீட்டுக்குப் போக விண்ணப்பிக்க அவர்களுக்கும் உறவினர்களுக்கும் உதவ வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளை எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளே இருப்பவர் "நான் போகணும்" என்று சொல்வதைக் கேட்க ஓர் ஆளை அனுப்பும் யோசனை நூற்றைம்பது வருஷத்தில் அப்போதுதான் வந்தது.

அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. சங்கிலி போடுவது சட்டவிரோதம் என்றும், மனநோயாளிகளை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும், கோவிலுக்கோ தர்காவுக்கோ அல்ல என்றும் கிராமங்களில் பிரச்சாரம் செய்ய வேண்டும். முதல் பாதியில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டாம் பாதி பாதிதான் சரி. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் மருத்துவரிடம் போ என்றால் எங்கே போவது? ஏர்வாடிக்கு வந்தவர்களில் பலர் ஊரில் கிடைத்த எல்லா வைத்தியத்தையும் பார்த்துத் தோற்று, நகையை விற்று, கடைசியாக வந்தவர்கள். தர்காவில் அவர்களுக்குக் கிடைத்தது உட்கார ஓர் இடமும், "சரியாகிவிடும்" என்று சொல்ல ஓர் ஆளும்.

வழிபாட்டுத் தலம் என்றாலே சங்கிலி என்றும் இல்லை. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த மனநோயாளிகளைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வந்தது. 31 பேர், சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கோவிலில் சின்னச் சின்ன வேலை, வழிபாடு, கூடவே குடும்பத்தில் ஒருவர். மருந்தில்லாமலே அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்து வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, மருந்தும் சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கட்டிப்போடாமல், கூட ஓர் ஆள் இருந்து, மரியாதையாக நடத்தினாலே ஒரு பகுதி சரியாகிறது.

ஏர்வாடியில் பிற்பாடு அரசு செய்ததும் இந்த வழிதான். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய தவா-துவா முறையைப் பின்பற்றி, தர்காவிலேயே மனநல மருத்துவர் பார்க்கும் ஏற்பாடு வந்தது. தவா மருந்து, துவா பிரார்த்தனை. ஓதிய நீரும் குடிக்கலாம், மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். எதை விட்டுவிட்டு வா என்றும் யாரும் கேட்பதில்லை. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோவிலிலும் தீக்குப் பிறகு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் வந்தது. நீதிமன்ற உத்தரவின் அந்த வாசகத்தைவிட இந்த ஏற்பாடுகள் மக்களை நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன.

2017: எழுத ஓர் இடம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. பத்து வருஷம் இழுத்து, 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இதில் மாஜிஸ்திரேட்டின் பழைய சேர்ப்பு உத்தரவு போய்விட்டது. முடிவெடுக்கும் திறன் எல்லோருக்கும் உண்டு என்பதில் சட்டம் தொடங்குகிறது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். முடிவெடுக்க அதிக உதவி தேவைப்படும் நிலையில் இருந்தால் மட்டும், அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவரின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்துச் சொன்ன பிறகு, 30 நாள் வரை உள்ளே வைக்கலாம். அதையும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்களும் சிறார்களும் என்றால் 3 நாளில், மற்றவர்கள் என்றால் 7 நாளில். அவரே அந்த வாரியத்தில் முறையிடலாம். தெருவில் திரிகிறவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது.

95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பதிவு இல்லாமல் காப்பகம் நடத்தினால் முதல் தடவையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை அபராதம். 28 உயிர் போன பிறகுதான் அந்த இருநூறு ரூபாய் மாறியது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு காகிதம். நலமாக இருக்கும்போதே ஒருவர் எழுதிவைக்கலாம்: எனக்கு மனநோய் முற்றினால் இப்படி இப்படிச் சிகிச்சை கொடுங்கள், இந்த இந்தச் சிகிச்சை வேண்டாம், என் சார்பில் பேச இன்னாரை நியமிக்கிறேன். அதைப் பதிவு செய்துவிட்டால் மருத்துவர் மதித்தே ஆக வேண்டும். மாற்ற வேண்டுமானால் வாரியத்திடம் போக வேண்டும். 1912இன் படிவத்தில் மருத்துவருக்கு ஓர் இடமும் அடுத்தவர்களுக்கு ஓர் இடமும் இருந்தன. இந்தப் படிவம் முழுவதும் அவருடைய இடம். மாஜிஸ்திரேட் உத்தரவுக்கும் கனவில் வரும் உத்தரவுக்கும் காத்திருந்தவர், முதல் தடவையாகத் தானே உத்தரவு எழுதுகிறார். குடும்பங்கள் இதை இன்னும் பெரும்பாலும் அறியவில்லை. சட்டம் கேட்ட வாரியங்களைப் பல மாநிலங்கள் இழுத்தடித்துத்தான் அமைத்தன. இருந்தாலும் அந்தக் காகிதம் சட்டமாகிவிட்டது, திரும்பிப் போகாது.

இன்னொரு காலனிப் பிரிவும் இதில்தான் சாய்ந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய 309ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் வந்தது. அதை நமக்குத் தந்த இங்கிலாந்தே 1961இல் தன் நாட்டில் அந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. நாம் விடாமல் வைத்திருந்தோம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "பூச்சி மருந்தைத் தெரியாமல் குடித்துவிட்டாள்" என்று அவசரப் பிரிவில் பொய் சொன்ன குடும்பங்கள் எத்தனை! உண்மையைச் சொல்லாததால், உடம்பைக் கழுவிவிட்டு அனுப்பினார்களே தவிர மனதை யாரும் கேட்கவில்லை. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இல்லை.

இவ்வளவு வந்த பிறகும் சங்கிலி போய்விடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதாவூனில் வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய இடத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் இருப்பது 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. இது மனிதத்தன்மையற்றது, வாழும் உரிமையை மீறுவது என்று நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

சங்கிலி மிச்சம் இருக்கும் இன்னொரு இடம் வீடு. 2017 சட்டம் பதிவு செய்யச் சொல்லும் மனநல நிறுவனங்களின் பட்டியலில், உறவினரோடு தங்கியிருக்கும் வீடு சேராது. அது நியாயமும்கூட. வீட்டுக்கு உரிமம் கேட்க முடியாது. வீட்டில் ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிக்கப்படாமல் விடப்படுகிறார் என்று தெரிந்தால் காவல் நிலைய அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று 101ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கட்டிவைக்கிற எல்லோரும் கொடுமைக்காரர்கள் அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, இருபத்தி சொச்சம் வயது மகனின் காலைத் தன் பழைய நூல் சேலையால் கட்டிலில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தரையில் படுப்பார். கயிறு அறுக்கும், சேலை அறுக்காது என்பார். அவன் எழுந்தால் தனக்கு விழிப்பு வந்துவிடும். ரயில் தண்டவாளம் பக்கம். சட்டத்தில் இதெல்லாம் கூடாது என்று சொன்னவர்களிடம் அவர் சண்டைக்கு வரவில்லை. "கட்டக் கூடாதுங்கிறீங்க, சரிப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் கதவைத் திறந்துக்கிட்டு ஓடுனா நான் யாரைக் கூப்பிடறது?" என்று மட்டும் கேட்டார்.

சட்டத்தில் அவருக்குப் பதில் இருக்கிறது. 94ஆம் பிரிவின்படி அவசர நிலையில் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம், மனநல மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் போதும். 18ஆம் பிரிவின்படி மனநலச் சிகிச்சை கேட்டுப் பெறுவது அவருடைய மகனின் உரிமை. அரசு வசதி செய்து தராத நிலையில் மாவட்டத்தில் வேறு இடத்தில் ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும். 2022 அக்டோபரில் இருந்து 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இவற்றில் ஒன்றைக்கூட அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கட்டக் கூடாது என்பதை மட்டும் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள்.

இப்போது மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். அதற்கு அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும், ஒருநாள் கூலி போய்விடும். போன முறை ஊசி இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாரமும் சேலை திரும்பக் கட்டிலுக்கு வந்தது.